வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு

நடையை வைத்தே வருகிறது யாரென்று சொல்லிவிடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நம் தெருவில் விளக்குக் கம்பம் ஒன்றுதான். அதுவும் பாதி நாள் எரியாது. கவரப்பேட்டை ஸ்டேஷனில் கடைசி வண்டியை விட்டு இறங்கி வரப்போடு நடந்து வருகிறவர்களின் முகம் தெரியாது. ஆயா மட்டும் திண்ணையில் கண்ணை மூடிப் படுத்தபடியே, "இது வாத்தியாரு... இது கருவாட்டுக்காரி, இன்னிக்கி கூடை காலி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கூடை காலியானதுகூட காலடியில் தெரியுமாம்.

பெரியப்பாவின் நடைக்கு ஆயா தேவையில்லை. இடது கால் மண்ணில் மெத்தென்று அமுங்கும். வலது கால் 'ணக்'. அதன் பின்னாலேயே தோல்வார் இழுபடுகிற 'க்ரீச்'. மெத், ணக், க்ரீச். அந்தச் சத்தம் புளியமரத்தைத் தாண்டும்போது பெரியம்மா அடுப்பில் டீத் தண்ணீர் வைத்தால், அவர் படியேறும்போது சரியாகக் கொதி வந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கணக்குத் தப்பும். சேற்றில் 'ணக்' கேட்காது. திடீரென்று வாசலில் வந்து நிற்பார். பெரியம்மா குற்றம் செய்தவள் மாதிரி அடுப்படிக்கு ஓடுவாள்.

காலை மாட்டுவது ஒரு பூஜை. விடியற்காலை நாலரை மணி, அரிக்கேன் விளக்கு, பாய். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் இருந்தது. அதை அவர் 'கட்டை' என்றுதான் சொல்வார், நாங்களும் அப்படித்தான். கட்டையை ஈரத்துணியால் துடைத்து, காற்றில் ஆறவிட்டு, குட்டிகுரா பவுடர் போடுவார். அப்புறம் கம்பளி சாக்ஸ். கட்டை ஒருநாள் வற்றும், ஒருநாள் ஊதும். அதற்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ. சாக்ஸில் ஒரு சுருக்கம் விழுந்தால் சாயங்காலத்துக்குள் கொப்புளம். அதனால் நீவிவிடுகிற வேலை என் சின்ன விரல்களுக்கு. நீவி முடித்து நான் "டீக் ஹை" சொல்ல வேண்டும். சொன்னால்தான் மரக்காலுக்குள் இறக்குவார். தொடையைச் சுற்றி ஒரு தோல்சட்டை. ஷூவுக்குக் கட்டுகிற மாதிரி அதற்கு நாடா, பக்கத்துக்கு ஒன்பது ஓட்டை. ஒன்று விட்டுப்போனாலும் அவிழ்த்து முதலிலிருந்து கோப்பார். முழங்காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கீல். பழவேற்காட்டுப் பக்கமிருந்து அடிக்கிற உப்புக்காற்று நம் ஊரில் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், கீல் எம்மாத்திரம்? வாரம் ஒருதரம் தையல் மிஷின் எண்ணெய் விடுவார்.

பவுடர், எண்ணெய், வியர்வை குடித்த தோல். பழைய டெய்லர் கடை எதையாவது தாண்டும்போது இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது வலது ஷூவுக்கு இரண்டு தேய்ப்பு கூடுதல். ஏன் பெரியப்பா என்று கேட்டால், "இடதுக்கு இன்னா ஆனாலும் நமக்கு வலிக்கும், தெரிஞ்சிடும். இது சொல்லாது கண்ணு. நாமதான் பாத்துக்கணும்" என்பார்.

கால் எப்படிப் போனது என்று அவர் உட்காரவைத்துச் சொன்னதே இல்லை. துண்டு துண்டாக நாங்கள் பொறுக்கிச் சேர்த்ததுதான் எல்லாம். 1971 டிசம்பர். மேற்கே ஷக்கர்கர் பக்கம் பசந்தர் என்று ஒரு ஆறு. ஆற்றின் இரண்டு கரையிலும் கண்ணிவெடி விதைத்து வைத்திருந்தார்கள். 15-ந் தேதி ராத்திரி, அமாவாசைக்கு முந்தின கும்மிருட்டில், 16-வது மெட்ராஸும் 3-வது கிரனேடியர்ஸும் ஆற்றைத் தாண்டி அக்கரையில் இடம் பிடித்தார்கள். மறுநாள் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கப் பாகிஸ்தான் டாங்குகள் வந்தன. பூனா ஹார்ஸைச் சேர்ந்த அருண் கேத்ரபால், 21 வயசுப் பையன், பற்றி எரிகிற டாங்கை விட்டு இறங்க மாட்டேனென்று நின்று செத்ததும், பரம்வீர் சக்கரம் பெற்றதும் அங்கேதான். மெட்ராஸ் பட்டாலியனின் கமாண்டர் வேத் பிரகாஷ் கய்யும் அந்தச் சண்டையிலேயே உயிர்விட்டார். அவருக்கு மகாவீர் சக்கரம். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. பெரியப்பா சொன்னது ஒரே வரி. "தண்ணி ஜில்லுனு இருந்துச்சி. அது ஞாபகம் கீது."

16-ந் தேதி சாயங்காலம் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி ரேடியோவில் வந்தபோது பொன்னேரியில் பட்டாசு வெடித்தார்களாம். அப்பா கடைத்தெருவுக்கு ஓடி ஆரஞ்சு மிட்டாய் வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்திருக்கிறார். முந்தின ராத்திரியே கால் போய்விட்டிருந்தது. அந்தப் போரில் நம் பக்கம் காயம்பட்டவர்கள் 9,800-க்கு மேல் என்று கணக்கு. அந்தக் கணக்கில் ஒருத்தர்தான் எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த முதல் கடிதம் வேறு யாரோ கைப்பட எழுதியது. 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று மேலே போட்டு, காலில் அடி, கவலைப்பட வேண்டாம் என்று இரண்டு வரி. எந்தக் கால் என்று எழுதவில்லை. ஆயா அந்த வருஷம், 1972 தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போனது. உனக்குத் தெரியாதா, வைத்திய வீரராகவர். நம் பக்கத்தில் உடம்புக்கு வந்தால் டாக்டருக்கு முன்னால் அவரிடம்தான் சொல்வோம். முந்தின நாளே போய்க் குளக்கரையில் துண்டு விரித்துப் படுத்து, விடிகாலையில் முழுக்குப் போட்டு, குளத்தில் வெல்லம் கரைத்து, கண், கை, கால் என்று உருத்தகடு வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வருவது. ஆயா தகடுக்காரியிடம் கால் கேட்டிருக்கிறது. "வலதா, இடதாம்மா?" ஆயா முழித்திருக்கிறது. கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வாங்கிப் போட்டுவிட்டு வந்தது.

கால் போய் அன்றைக்குச் சரியாக ஒரு மாதம்.

பிற்பாடு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஆயா அழுததாக எனக்கு நினைவில்லை. வெற்றிலையை மடித்தபடி, "ரெண்டு போட்டேன். ஒண்ணைக் காப்பாத்திக் குட்த்துட்டாரு இல்ல" என்று சொல்லும். பெருமாளோடு அதற்கு மேல் கணக்குப் பேசவில்லை. வருஷா வருஷம் தை அமாவாசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பெரியப்பாவும் கூடப் போவார். பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி, கூட்டத்தில் முழங்கை இடித்துக்கொண்டு. குளத்துப் படியில் அவர் இறங்க மாட்டார், பாசி வழுக்கும். மேல்படியில் மரக்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆயா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் இல்லாமல், அந்தக் கட்டையின் மேல் ஊற்றும்.

மரக்கால் புனாவில் கொடுத்தது. 1944-லேயே, உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே செயற்கை உறுப்பு மையம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே அளவெடுத்து, மாட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கி, 1973-ல் ஊருக்கு அனுப்பினார்கள். அவர் வந்தபோது அக்காவுக்கு ஒரு வயசு. அவள் பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். அப்பா முகத்தை அவள் பார்த்ததே அன்றைக்குத்தான், பார்த்ததும் வீறிட்டாளாம். புனாவின் வழவழத் தரையில் பழகிய கால் நம் ஊர்ச் சாணித்தரையில் நிற்கவில்லை. ஆக, ஒரே முற்றத்தில் அப்பாவும் மகளும் நடை பழகினார்கள். அக்கா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால். அக்கா விழுந்தால் ஆயா ஓடிவந்து, "எங்க கொழந்தைய தள்ளிட்டியா?" என்று தரையை நாலு அடி அடிக்குமாம். பெரியப்பா விழுந்தாலும் அதே மாதிரி ஓடிவந்து அதே நாலு அடி. இருபத்தாறு வயசு ஆம்பிள்ளை, சண்டைக்குப் போய் வந்தவர், தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். கால் போனதற்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பெரியம்மா சொல்வாள். நான் அதற்கப்புறம் பிறந்தவன். ஆனாலும் அந்த முற்றத்தில் நின்று பார்த்த மாதிரிதான் இருக்கிறது.

ராத்திரியில் ஒரு விஷயம் உண்டு. இல்லாத கால் அரிக்கும். அதுவும் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில். கொஞ்ச நேரம் புரண்டு பார்ப்பார். அப்புறம், "டேய், கொஞ்சம் சொறிஞ்சி உட்றா" என்பார். நான் எழுந்து, பாயில் அந்தக் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துச் சொறிவேன். கோரைப்பாயில் நகம் பட்டு 'சர்க் சர்க்' என்று சத்தம் வரும். "மேல... இன்னும் கொஞ்சம் இந்தாண்ட... ஆங்." கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பாயில் அந்த ஓரம் மட்டும் நைந்து நூல் தெரியும். டாக்டர்கள் இதற்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் 'புனா கால்'. "பெரியப்பாவுக்கு இன்னிக்கி புனா கால் அரிக்குது" என்றால் எல்லோருக்கும் புரியும்.

இந்தி விஷயத்தைச் சொல்ல வேண்டும். 1965-ல் பொன்னேரியில் படித்துக்கொண்டிருந்தபோது இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் முன்வரிசையில் போனவர் அவர். ஸ்டேஷன் பலகையில் தார் பூசிய கைகளில் அவருடையதும் ஒன்று. அடுத்த வருஷம் அதே கையைத் தூக்கிச் சத்தியப் பிரமாணம் எடுத்து மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்துவிட்டார். 1758-லிருந்து வருகிற படையாக்கும் என்பார். வெலிங்டன் குளிரில் பயிற்சி, தொப்பியில் கறுப்புக் குஞ்சம், 'வீர மதராஸி, அடி கொல்லு' என்கிற கோஷம். கூடவே இந்தி. அதை அவருக்கு இங்கிலீஷ் எழுத்தில் எழுதித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசிவரைக்கும் ஸ்டேஷன் பலகையில் இருந்த இந்தி எழுத்து அவருக்குப் படிக்க வராது. "அதான் தார் பூசிட்டேனே" என்பார். பேசினாலும் ஆண்பால் பெண்பால் கிடையாது. உலகத்தில் உள்ள அத்தனையும் ஆண்பால்தான், பெரியம்மா உட்பட.

ஊரில் அந்த இந்திக்கு என்ன மரியாதை? பிள்ளைகள் பின்னால் போய் 'சலோ சலோ' என்று கத்தும். அப்புறம்தான் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தது. வேர்க்கடலையும் கேழ்வரகும் தர்பூசணியும் விளைந்த மேட்டில் ஒவ்வொன்றாகக் கொட்டகை, புகைபோக்கி. காற்றில் அதுவரை ஈர வைக்கோல் வாசனையும் ஏரிச் சேற்று வாசனையும்தான். அதோடு காய்ச்சிய இரும்பின் வாசனை சேர்ந்துகொண்டது. மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தின் மேல் கறுப்புத்தூள். மில்காரர்களுக்கு கேட்டில் நிற்க மிலிட்டரிக்காரர் என்றால் தனி ஆசை. ஒரு உருக்கு மில்லுக்கு ஆள் கேட்டு வந்தார்கள். பெரியப்பா போய், முதலாளி முன்னால் குதிகாலை அடித்து ஒரு சல்யூட் வைத்தார். அடித்தது எந்தக் குதிகால் என்று முதலாளிக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று.

1979-லிருந்தே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கவரப்பேட்டையில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. நைட் ஷிஃப்டுக்குப் பெரியம்மா கட்டிக்கொடுக்கும் மூணடுக்குத் தூக்கு, விசில், டார்ச். காலையில் திரும்பி வரும்போது தூக்கின் அடித்தட்டில் எங்களுக்காக நாலு மசால் வடை இருக்கும், எண்ணெய் ஊறின தினத்தந்தியில்.

மில்லில் முதலில் நம் ஆட்கள்தான் வேலை செய்தார்கள். அப்புறம் பீகார், ஒடிசாவிலிருந்து பையன்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் முதலில் புரிந்த மனிதர் கேட்டில் நின்ற பெரியப்பாதான். மணியார்டர் ஃபாரம் நிரப்ப, எஸ்.டி.டி. பூத்தில் நம்பர் போட, டீக்கடையில் ஏமாற்றினால் கேட்க. 'ஃபௌஜி சாச்சா' என்று கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் ஊர் கேலி செய்த இந்தி, கேட்டுக்கு அந்தப்பக்கம் போனதும் மரியாதையாக ஆகிவிட்டது.

ஒருநாள் ஒரு பையனின் மூன்று விரல்கள் மெஷினில் போய்விட்டன. பத்தொன்பது இருபது வயசு இருக்கும். ஏதோ காசு கொடுத்து ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்தக் கதை எல்லா மில்லிலும் உள்ள கதைதான். ரயிலுக்கு முந்தின ராத்திரி பெரியப்பா அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். பெரியம்மா சோறு பிசைந்து ஊட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே தின்றான். படுத்தபிறகு இருட்டில் பெரியப்பாவின் குரல் கேட்டது. உடைந்த இந்தியில், ஒவ்வொரு சொல்லாக. அரிக்கும். இல்லை அது, ஆனாலும் அரிக்கும். பயப்படாதே. யாரையாவது பக்கத்தில் சொறியச் சொல்லு. வெட்கப்படாதே. சண்டையைப் பற்றி வீட்டில் யாரிடமும் வாய் திறக்காத மனுஷன் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அந்த ஒரு ராத்திரிதான். பேசியது என்னிடமல்ல.

நவம்பரில் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கப் போவார். ஒரு வருஷம் கவுண்ட்டரில் இருந்தவர் ஏதேதோ காகிதம் கேட்டு, கால் இல்லை என்பதற்கும் புதுச் சான்று வேண்டும் என்றாராம். பெரியப்பா பேசவில்லை. ஒன்பது ஓட்டை நாடாவையும் நிதானமாக அவிழ்த்து, காலைக் கழற்றி, கவுண்ட்டர் மேல் ஷூவோடு வைத்துவிட்டு, "இத்த ஃபைல்ல கோத்துக்கோங்க சார்" என்றார். பெரியம்மா இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருகிற கர்வம் மெடல் பெட்டியைக் காட்டும்போதுகூட வராது.

நம் ஊருக்கென்று ஒரு வேடிக்கை உண்டே, ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18-ந் தேதி காலையில் எஸ்.எல்.வி.-3 ரோகிணியைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து நாம் மொட்டைமாடி ஏறாத ராக்கெட் உண்டா? முந்தின வருஷம் விட்டது கடலில் விழுந்திருந்தது. அதனால் இந்தத் தடவையும் விழும் என்று எதிர்வீட்டுத் தாத்தா பந்தயம் கட்டியிருந்தார். வடகிழக்கே பனைமர வரிசைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் எழும்பும். நாமெல்லாம் கத்துவோம். பெரியப்பா மட்டும் கத்த மாட்டார். வெளிச்சம் தெரிந்த நொடியிலிருந்து உதடு அசையும். ஏக், தோ, தீன், சார். நாம் கத்தி முடித்து, புகை கலைந்து, கீழே இறங்கப் போகும்போதும் அவர் எண்ணிக்கொண்டிருப்பார். நூறைத் தாண்டி ஐந்தோ ஏழோ வரும்போது, தூரத்தில் யாரோ தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு உறுமல் வந்து சேரும். அப்போதுதான் மூச்சை விடுவார். "முப்பத்தஞ்சி, முப்பத்தாறு கிலோமீட்டர்" என்பார். பீரங்கி வெளிச்சத்தைப் பார்த்தால் சத்தம் வருகிறவரைக்கும் எண்ணுவார்களாம், எவ்வளவு தூரத்திலிருந்து சுடுகிறான் என்று தெரிய. அதை அவர் சொல்லவில்லை. புனாவில் அவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னார்.

இப்போது அந்த வீட்டில் மேல்தளம் போட்டாயிற்று. நாலு அறை, அறைக்கு ஆறு பேர், சிப்காட் பையன்கள். சாயங்காலமானால் கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கு வதங்குகிற வாசனை கீழே இறங்குகிறது. முற்றத்துக்கு டைல்ஸ். அக்கா ஆவடியில், அவள் பேரனுக்கு நடைவண்டி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பெரியம்மா தெருப்பக்கத்து அறையில். காது மந்தம். புளியமரம் ரோடு அகலப்படுத்தும்போது போயிற்று. அவளுக்கு டீத் தண்ணீர் எப்போது வைப்பது என்பதில் ஒரு குழப்பம் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வைத்துவிடுகிறாள். மரக்கால் பரணில் ட்ரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில், பழைய வேட்டியில் சுற்றி. போனமுறை வந்தபோது இறக்கிப் பார்த்தேன். கீல் சுலபமாக மடங்கியது. யார் எண்ணெய் போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ராக்கெட் இருந்தது. மாடிக்குப் போனேன். பனைகள் இருந்த இடத்தில் புகைபோக்கிகள், செல்போன் டவர். பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சம் எழும்பியது. கத்தினார்கள். என் உதடு தானாக ஆரம்பித்துவிட்டது. ஏக், தோ, தீன். பக்கத்தில் நின்ற பையன் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தான். "அங்கிள், க்யா கின் ரஹே ஹோ?" கையைக் காட்டி இரு என்றேன். தொண்ணூறு. ஹைவேயில் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. நூறு. பக்கத்து மில்லில் ஷிஃப்ட் சங்கு ஊதியது. நூற்றிப் பத்து. பையன்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். நூற்றி முப்பது, நூற்றி நாற்பது.

கீழேயிருந்து பெரியம்மா கூப்பிட்டாள். "வந்துச்சாடா?"

"இன்னும் இல்ல பெரியம்மா."